பிள்ளை பார்ப்பவளுக்குப் பிள்ளை பிறந்தால்...

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் சுகாதாரம் பற்றி அரை மணித்தியாலம் பேசுமாறு தலைவி அவர்கள் என்னைக் கேட்டிருந்தார். நீரிழிவு, குருதி அமுக்கம், மார்பகப் பரிசோதனை என்று ஒரு உரையை எழுதியும் வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்து வைத்துவிட்டேன். அவை பற்றி இந்த மண்டபத்தில் ஏற்கெனவே நன்றாகப் பேசியிருக்கிறார்கள். இன்று நான் ஒரு சின்ன விடயத்தைப் பேசப்போகிறேன். ஒரு வீட்டில் எட்டுப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கப்போனபோது, அந்த எட்டுப் பிள்ளைகளின் தாய்மாரான நாங்கள் என்ன செய்தோம், என்ன செய்யத் தவறினோம் என்பதுதான் அது. தவறியவர்களில் நான் முதலாவது ஆள். அதனால்தான் பேசுகிறேன்.

அந்தப் பெண் எமது கல்லூரியின் பழைய மாணவி. எனது வகுப்புத் தோழி. அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். "அவர்" என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஆகையால் "அவள்" என்றே சொல்கிறேன்.

என் வயதுக்காரருக்கு 1995 ஒக்டோபர் 30 நன்றாக நினைவிருக்கும். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அப்போது எமக்குப் பதினைந்து, பதினாறு வயது. ஒரு பாடசாலைக் கட்டடத்தில் பல குடும்பங்கள் ஒன்றாக இருந்தோம். பெரியவர்கள் தண்ணீருக்கும் விறகுக்கும் அலைந்தபோது, அங்கிருந்த சின்னப் பிள்ளைகளை மரத்தடியில் இருத்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் இவள். அவளிடம் விட்டால் பிள்ளைகள் அழமாட்டார்கள் என்று தாய்மார் அன்றைக்கே கண்டுகொண்டார்கள். மனையியல் பாடத்தில் நாங்கள் பொம்மையை வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டப் பழகினோம். அவள் அதற்கு முன்னரே உண்மையான குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டாள்.

பின்னாளில் அவள் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி பெற்று, தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். யாழ்ப்பாண நகருக்குக் கொஞ்சம் வெளியே, ஒரு ஒழுங்கைக்குள் இருந்த பழைய வீடு. முன்னுக்கு விறாந்தை, பக்கத்தில் பெரிய அறை, பின்னுக்குக் குசினி. காலை ஆறே முக்காலுக்குப் படலை திறக்கும். மாலை ஐந்தரைக்கு மூடும். ஒரு வயது தொடக்கம் நாலு வயது வரை எட்டுப் பிள்ளைகள். அயலில் இருந்த ஒரு அக்கா சமையலுக்கும் உதவிக்கும் வருவார். தாய்மாரில் தாதி ஒருவர், வங்கியில் வேலை செய்தவர் ஒருவர், ஆசிரியைகள் இருவர், கச்சேரியில் வேலை செய்தவர் ஒருவர், கடை வைத்திருந்தவர் ஒருவர் என்று எல்லாரும் வேலைக்காரர். எனது மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் ஒரு வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

பதினொரு வருடங்களுக்கு முந்திய கதை இது. ஒரு நாள் காலை படலையடியில் மகனைக் கையில் வாங்கும்போது, "எனக்கு நாலு மாதம்" என்றாள். திருமணமாகி ஆறு வருடத்தின் பின் வந்த கர்ப்பம். நான் கட்டிப்பிடித்தேன், சந்தோசப்பட்டேன். ஆனால் வைத்தியசாலைக்குப் போகும் வழியில் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? விரல்விட்டு மாதத்தை எண்ணினேன். அவளுக்குப் பிள்ளை பிறக்கும் மாதமும் எனது பட்டப்பின் பரீட்சை மாதமும் ஒன்றாக வந்தன. "ஐயோ, இவனை எங்கே விடுவது?" என்பதுதான் எனது முதற் கவலை. மற்றத் தாய்மாரும் அதையேதான் நினைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். ஆளாளுக்கு மனதுக்குள் கணக்குப் பார்த்தோமே தவிர, ஒருவரும் அவளிடம், "நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்கவில்லை.

நான் மகனைப் பெற்றபோது, அரசாங்க உத்தியோகத்தர் என்ற முறையில் 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை எடுத்தேன். சனி ஞாயிறு கழித்தால் அது நாலு மாதம் வரும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும் இன்னொரு 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம். தனியார் துறையில் வேலை செய்யும் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2018இல் அதைத் திருத்தி, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாட்கள் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் மூன்றாம் பிள்ளைக்கு அதில் பாதிதான். இவை எல்லாம் எமக்கு முன் வந்தவர்கள் கேட்டுப் பெற்றவை. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் சம்பளம் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. தன் வீட்டு விறாந்தையில் பாயை விரித்துத் தொழில் செய்யும் பெண்ணுக்கு யார் விடுமுறை கொடுப்பது? என்னுடைய விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பியது அவளை நம்பித்தான். அவளுக்கோ ஒரு நாள் விடுமுறையும் இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கடினமானது.

அவளுக்கு முப்பத்துமூன்று கிழமை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மகனை எடுக்கப் போனேன். சமையலுக்கு வரும் அக்கா என்னைப் படலைக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "அவவுக்கு மூண்டு நாளாத் தலையிடி. உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டவ." அப்போதுதான் திரும்பி அவளுடைய காலைப் பார்த்தேன். செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு நின்றாள். கணுக்கால் தெரியவில்லை. முகமும் ஊதியிருந்தது. அன்று காலையும் அதே காலோடுதான் அவள் என் மகனை வாங்கியிருப்பாள். நான் பார்க்கவில்லை. என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. நாள் முழுவதும் விடுதியில் கர்ப்பிணித் தாய்மாரின் காலை அமர்த்திப் பார்த்து வீக்கம் இருக்கிறதா என்று குறிப்பு எழுதுகிறவள் நான்.

குருதி அமுக்கம் 160/100. சிறுநீரில் புரதம் இருந்தது. அன்றிரவே விடுதியில் சேர்த்தோம். கிளினிக் புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். கடைசி இரண்டு கிளினிக்குக்கும் அவள் போயிருக்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டும் போயிருக்கிறார்.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ காலமை ஓடி வாறாய், ஓடிப் போறாய். உன்னை மறிச்சு என்னத்தைச் சொல்ல?" என்றாள். பிறகு சொன்னாள்: "கிளினிக் புதன்கிழமை காலமை. எட்டுப் பிள்ளையளை ஆரிட்ட விட்டிட்டுப் போறது? ஒரு நாள் மூடினால் நீங்கள் எல்லாரும் வேற இடம் தேடுவியள். போனால் திரும்பி வரமாட்டியள்."

அந்தக் கடைசி வசனத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால், நான் உண்மையிலேயே வேறு இரண்டு இடங்களை விசாரித்து வைத்திருந்தேன்.

இந்த மண்டபத்தில் இருக்கும் இளம் பெண்களுக்காக ஒரு நிமிடம் நிறுத்தி இதைச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இருபது கிழமைக்குப் பின் விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது கண்ணில் பூச்சி பறப்பதுபோல் தெரிதல், மேல் வயிற்று நோ, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். விட்டால் வலிப்பு வரலாம், தாயும் பிள்ளையும் ஆபத்துக்குள்ளாகலாம். பிள்ளை பிறந்த பின்னும் ஆறு கிழமை வரை இது வரக்கூடும்.

மறுநாள் சனிக்கிழமை தாய்மார் ஒன்றுகூடினோம். எங்கள் முதல் திட்டம் பிழைத்தது. பிழைத்த விதத்தையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். முறை வைத்து ஒவ்வொரு தாயாக லீவு எடுத்து, தத்தம் வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் இன்னொரு வீடு. பிள்ளைகளுக்கு இடம் புதிது, ஆள் புதிது, சாப்பாடு புதிது. புதன்கிழமை ஒரு பிள்ளை அழுது அழுது சத்தி எடுத்தது. வியாழக்கிழமை முறைக்காரருக்கு வேலைத்தலத்தில் லீவு கிடைக்கவில்லை. நாலு நாளில் திட்டம் முடிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இடமோ ஆளோ இரண்டில் ஒன்றாவது மாறாமல் இருக்க வேண்டும் என்பதை அந்த நாலு நாளில் படித்தோம்.

ஆள் மாறக் கூடாது என்றால், பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரே ஆள் சமையலுக்கு வந்த அக்காதான். "அவவா? அவ சமைக்கிற ஆளெல்லோ?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். ஆனால் மூன்று வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, கழுவித் துடைத்து, நித்திரையாக்கியவர் அவர்தான். அவரைப் பொறுப்பாக்கினோம். முன்பள்ளிப் பயிற்சி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு இளம் பெண்ணைத் துணைக்குச் சேர்த்தோம். அவரும் எமது கல்லூரிப் பிள்ளைதான். சமையலைச் சுருக்கினோம். காலையில் புட்டோ இடியப்பமோ வீட்டிலிருந்து கொடுத்து விடுவது, மத்தியானம் மட்டும் அங்கே குழைசாதம்.

இடத்தை மாற்றத்தான் வேண்டியிருந்தது. அது எனது பிடிவாதம். பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் பி.சி.ஜி. ஊசி மட்டும்தான் போட்டிருப்பார்கள். கக்குவான் முதலியவற்றுக்கான முதல் ஊசி இரண்டு மாதம் முடியத்தான். எட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எந்நேரமும் ஒன்றுக்குத் தடிமன் இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வெறும் மூக்குச்சளியாக வரும் கிருமி, இரண்டு கிழமைக் குழந்தைக்கு மூச்சுத் திணறலாக மாறலாம். அதைவிட, விறாந்தையில் பிள்ளை அழும் சத்தம் கேட்டால் அவள் அறைக்குள் படுத்திருப்பாளா? ஆகவே பிள்ளைகளும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்றேன்.

அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி, இங்கே எமக்குக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். போய்க் கேட்டோம். முன் மண்டபத்தைத் தர உடனே ஒத்துக்கொண்டார். ஆனால், "முதல்ல கிணத்துக்கு வலை போடுங்கோ. பிறகு பிள்ளையளைக் கொண்டு வாங்கோ" என்றார். யாழ்ப்பாணத்து வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் பெறுமதி தெரியும். கட்டுத் தாழ்ந்த கிணறு எட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரும்பு வலை போட்டுப் பூட்டினோம். பின்பக்கக் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொழுக்கி போட்டோம். ரீச்சரின் மருந்துப் பெட்டியையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் அலுமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றினோம்.

அடுத்தது காசு. இதைத்தான் நாங்கள் வழக்கமாக வெட்கப்பட்டுப் பேசாமல் விடுவோம். பேசாமல் விட்டால் அந்தச் சுமை அவள் தலையில்தான் விழும். ஒரு பிள்ளைக்கு அப்போது மாதம் 5,000 ரூபா. எட்டுப் பிள்ளைகளில் ஒன்று அம்மம்மாவிடம் போனது, இன்னொன்றை வேறிடத்தில் சேர்த்தார்கள். மிச்சம் ஆறு, ஆகவே 30,000 ரூபா. அக்காவுக்கு 12,000, இளம் பெண்ணுக்கு 10,000, சாப்பாடு முதலிய செலவுக்கு 5,000. மிஞ்சுவது 3,000. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்த 3,000 எதற்குக் காணும்? கணவருக்கும் நிரந்தர வேலை இல்லை.

ஆறு பேரும் மாதம் 1,500 ரூபா கூடக் கொடுப்பது என்று பேசினோம். "அவ வேலை செய்யாத மாதத்துக்கு நாங்கள் ஏன் கட்டவேணும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வங்கியில் வேலை செய்தவர்தான் பதில் சொன்னார். "நான் லீவில இருந்த மாதம் எனக்குச் சம்பளம் வந்தது. நான் வேலை செய்யேல்லை. எனக்குக் கட்டினதும் ஆரோ ஒராள்தானே." அதன்பின் யாரும் பேசவில்லை. அந்த 9,000 உம் மிஞ்சிய 3,000 உம் சேர்ந்து மாதம் 12,000 அவள் கைக்குப் போனது. வழக்கமாக அவள் உழைப்பதில் அது பாதிக்குக் கொஞ்சம் மேல். எங்கள் எல்லாரையும் பெரிய மனதுக்காரராக நினைத்துவிடாதீர்கள். கணக்குப் பார்த்தால், வேறிடத்தில் சேர்த்து, பிள்ளை பழகும் வரை லீவு எடுப்பதற்கு அதைவிடக் கூடச் செலவாகியிருக்கும்.

அத்தோடு ஒரு தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்து வைத்தோம். அவள் திரும்பும் நாளில் ஆறு பிள்ளைகளும் அவளிடமே திரும்பும் என்று. விடுதியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். குருதி அமுக்கத்துக்கு மருந்து கொடுத்தது நாங்கள்தான். ஆனால் அந்தத் தாளுக்குப் பிறகுதான் அவள் நித்திரை கொண்டாள் என்று இரவு முறையில் இருந்த தாதி சொன்னார்.

இன்னொன்றும் விடுதியில் நடந்தது. அவள் எட்டு வருடமாகத் தலைக்குள் வைத்திருந்ததை எழுத்தில் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு போனேன். பின்னேரங்களில் கட்டிலில் சாய்ந்தபடி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். யாருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. யாருக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வந்திருக்கிறது. யார் யார் வந்து பிள்ளையை எடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது. எந்தப் பிள்ளை "மம்" என்றால் தண்ணீர், எந்தப் பிள்ளை "மம்" என்றால் சோறு. மழை இடிக்குப் பயப்படுவது யார். தகப்பன் வெளிநாடு போன பிறகு படலைச் சத்தம் கேட்டால் ஓடிப் போய்ப் பார்ப்பது யார்.

என் மகனின் தாளில் இப்படி எழுதச் சொன்னாள்: "நித்திரைக்கு வலது காதைத் தடவினால் போதும். அழும்போது தூக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் தானாக வந்து மடியில் ஏறுவான்." எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அவனைப் பெற்றவள் நான். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

முப்பத்தேழாவது கிழமையில் சத்திரசிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. 2.3 கிலோ. இருவரும் நலம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வைத்துக் கொடுத்த சரக்குக் கறியும் சோறும், குழந்தைக்கு ஏணையும். முப்பத்தொன்று முடிந்த மறுநாளே, "இனி வரட்டோ?" என்று கேட்டாள். மறித்தோம். சத்திரசிகிச்சை செய்த வயிறு. இரண்டு வயதுப் பிள்ளை 11, 12 கிலோ இருக்கும். நாளுக்கு எத்தனை முறை குனிந்து தூக்க வேண்டிவரும் என்று எண்ணிப் பாருங்கள். குருதி அமுக்கமும் முற்றாக இறங்கியிருக்கவில்லை. ஆனால் அவளை முற்றாக விலக்கி வைத்ததும் சரியில்லை என்று பிறகு விளங்கியது. "என்ரை பிள்ளையள் என்னை மறந்திடுங்கள்" என்று ஒரு நாள் அழுதாள். அதன்பின் தினமும் நாலரைக்கு அக்கா ஒரு முறை தொலைபேசியில் பேசுவது என்று வைத்தோம். தாய்மார் யாரும் அவளை நேரே கூப்பிட்டு "என் பிள்ளை சாப்பிடுதில்லை" என்று முறையிடக் கூடாது. அது கட்டளை. அதை முதலில் மீறியவளும் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தைக்கு இரண்டாம் மாத ஊசி போட்ட பின், பன்னிரண்டாவது கிழமையில் அவள் திரும்பினாள். ஒரேயடியாக அல்ல. முதற் கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம், அடுத்த கிழமை அரை நாள், அதன்பின் முழு நாள். பிள்ளைகள் மறக்கவில்லை. ஒன்றிரண்டு நாள் கோபித்துக்கொண்டு அக்காவின் பின்னால் ஒளித்தார்கள், அவ்வளவுதான். அவள் விறாந்தைக் கதிரையில் இருந்து பாலூட்டும்போது சுற்றிவர இருந்து ஆளுக்கொரு பொம்மைக்குப் பால் கொடுத்தார்கள். என் மகன் ஒரு லொறிக்குப் பால் கொடுத்தான்.

ஆனால் ஒன்றை அவள் தெளிவாகச் சொன்னாள். "என்ரை பிள்ளையும் ஒரு பிள்ளை. அதையும் சேர்த்துத்தான் எண்ண வேணும்." ஆகவே அந்த வருடம் புதிய பிள்ளை எதையும் எடுக்கவில்லை. தன் குழந்தைக்குக் கணக்கில் இடம் வைக்காமல் எட்டுப் பேரையும் நிரப்பியிருந்தால், பாலுக்கு அழுவது அவள் பிள்ளையாகத்தான் இருந்திருக்கும். இளம் பெண்ணையும் அவள் நிறுத்தவில்லை. இன்று அந்த இடத்தை நடத்துவதில் அவர் அவளுக்குச் சரிபாதி.

அன்பானவர்களே, இந்தப் பதினைந்து கிழமையில் நாங்கள் படித்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

வீட்டில் பிள்ளை பார்க்கும் தொழில் செய்பவர்களுக்கு: கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே தாய்மாரிடம் சொல்லுங்கள். ஐந்தாம் மாதத்தில் உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரைத் தெரிவுசெய்து, பிள்ளைகளோடு பழக விடுங்கள். கொப்பியை எழுதத் தொடங்குங்கள். பம்பர்ஸ் மாற்றிய பின்னும் மூக்குத் துடைத்த பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளை சாப்பிட்ட கரண்டியை உங்கள் வாயில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கக்கூடிய சில கிருமிகள் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். கொப்புளிப்பான் வந்திருக்கிறதா, ருபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்பதைப் பிள்ளை தங்குவதற்கு முன்னரே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கிளினிக் ஒன்றையும் விடாதீர்கள்.

பிள்ளையைக் கொண்டுபோய் விடும் தாய்மாருக்கு: படலையடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவருடைய முகத்தைப் பாருங்கள். அடுத்த கிளினிக் எப்போது என்று கேளுங்கள். காய்ச்சல் பிள்ளையைப் பனடோல் கொடுத்துக் கொண்டுபோய் விடாதீர்கள். நான் விட்டிருக்கிறேன். இனி விடாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு அதனால்தான் இருக்கிறது.

வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளே, உங்களிலும் பலர் வீட்டில் பிள்ளை பார்ப்பதைத் தொழிலாகச் செய்கிறீர்கள். பிரித்தானியாவில் சுயதொழில் செய்யும் பெண்ணும் தகுதி இருந்தால் 39 கிழமை வரை அரசின் மகப்பேற்றுப் படியைப் பெறலாம். கனடாவில் சுயதொழில் செய்பவர் வேலைக் காப்புறுதியில் தானாகச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் சேர்ந்து 12 மாதம் கழித்துத்தான் கோர முடியும். ஆகையால் பிள்ளையைப் பற்றி யோசிக்கும்போதே பதிய வேண்டும். உங்கள் தங்கைமாருக்கும் மருமக்களுக்கும் இதைச் சொல்லுங்கள். தெரியாமல் விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே எமக்கு அப்படி ஒரு ஏற்பாடு வரும் வரை, எமது சங்கத்திடம் இரண்டு விடயங்களைப் பணிவாகக் கேட்கிறேன். எங்கள் பழைய மாணவிகளில் முன்பள்ளிப் பயிற்சி பெற்றவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், தாதியர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு பெயர்ப் பட்டியலைத் தொடங்குவோம். வீட்டில் பிள்ளை பார்க்கும் ஒரு கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்குப் போகும் காலையில், இரண்டு மூன்று மணித்தியாலம் அவருடைய இடத்தில் போய் இருக்க ஒருவர். அவ்வளவுதான். என் தோழிக்கு அந்த ஒருவர் கிடைத்திருந்தால் அந்த இரண்டு கிளினிக்கும் தவறியிருக்காது. இரண்டாவது, பிள்ளை பெற்றிருக்கும் மூன்று மாதத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்து, மெல்ல மெல்லத் திரும்பப் பெறும் ஒரு சிறு நிதி. அதற்கான முதற் தொகையை நானும் எனது வகுப்புத் தோழிகளும் இன்று செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பட்டியலுக்கான கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. எனது பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறேன், புதன்கிழமை காலை என்று.

அன்று 2.3 கிலோவில் பிறந்த பிள்ளை இப்போது எமது கல்லூரியில் ஆறாம் தரத்தில் படிக்கிறாள். அவளுடைய தாய் இந்த மண்டபத்தில் இல்லை. உங்களில் பலர் காலையில் உங்கள் சின்னப் பிள்ளைகளை ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தில் விட்டுவிட்டு வந்தீர்கள் அல்லவா? அங்கே அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான். விழா முடிந்து போய்ப் பிள்ளையை வாங்கும்போது, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.